அண்ணி பக்கம் நாலு விரல் உயரம்

எங்கள் அண்ணன் தங்கச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸில் பிறந்தவர். சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி இறங்கிய அப்பா சீக்கிரமே போய்விட, அம்மாவையும் என்னையும் தாங்கியவர் அவர்தான். தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்து, என்னைப் பக்கத்துத் தெருவிலேயே கட்டிக்கொடுத்த பிறகே தமக்குப் பெண் பார்த்தார். பேத்தமங்களாவில் கனகாம்பரம் பயிரிடுகிற வீட்டுப் பெண் எங்கள் அண்ணி. கொண்டையில் பூ இல்லாமல் அண்ணியை நாங்கள் அப்போது பார்த்ததே இல்லை.

ஆமாம், பாலகாட் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அண்ணன் ஒரு விமானம் கட்டினார். இரண்டு பேர் அருகருகே உட்காரும், மேலே திறந்த சின்ன விமானம். "பைத்தியமா?" என்று கேட்டவர்களுக்கு நான் அப்போதே நன்றாகக் கொடுத்திருக்கிறேன். அவர்களும் இந்த நினைவு மலரைப் படிக்கிறார்கள், படிக்கட்டும்.

அண்ணி கேட்டது ஒன்றுதான். "மேல மூடி போடுங்க, அப்பால நான் ஏறுறேன்." அண்ணன் பெங்களூரில் சொல்லிவைத்து, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் மூடி ஒன்றைச் செய்து வாங்கிவந்தார். மார்கழி என்றும் பாராமல் விடிந்ததும் திருகு பூட்டத் துளை போட உட்கார்ந்துவிட்டார். குளிரில் அந்தப் பிளாஸ்டிக் விறைத்துக் கிடக்கும், சூடேறிய பிறகுதான் தொடவேண்டும் என்பது அவருக்குத் தெரியாததா? ஆசை விடவில்லை. படாரென்று விளிம்பிலிருந்து நடுவரைக்கும் விரிசல்.

பகலெல்லாம் அவர் கொட்டகைப் பக்கமே போகவில்லை. சாயந்திரம் அண்ணியே போய் அந்த மூடிக்குக் கீழே உட்கார்ந்தார்.

"இன்னாங்க, இது ஒடைஞ்சதே நல்லதுதான். என் கொண்டை இடிக்குது பாருங்க!"

பூ நசுங்கியிருந்தது. அண்ணன் சிரித்துவிட்டார்.

அடுத்த மூடியை அண்ணி உட்காரும் பக்கம் நாலு விரல் உயர்த்திச் செய்யச் சொன்னார். உடன் வேலை செய்த நண்பர், "இன்னாண்ணா, இவ்ளோ மேடு வெச்சா காத்து இழுக்காதா?" என்று கேட்டார்.

"இழுத்தா இழுத்துட்டுப் போவட்டும்யா. அவ பூ நசுங்கக் கூடாது."

இம்முறை உச்சிவெயிலில் வைத்துச் சூடேற்றி, பொறுமையாகத் துளை போட்டார். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டு மண் பறந்துவந்து கீறிவிடும் என்று அண்ணியின் பழைய புடவையால் போர்த்திவைத்தார். மூடி பொருந்திய அன்று அண்ணி தாய்வீட்டில் இருந்தார். "ஞாயித்துக்கெழமை வந்து குந்திப் பாரு" என்று சொல்லியனுப்பினார் அண்ணன். வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான்.

அண்ணா, உங்கள் விமானம் பறக்கவில்லை. இந்த ஓராண்டுக்குள் சுரங்கமும் மூடிவிட்டது. கொட்டகைப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டால் இன்னமும் எட்டிப் பார்க்கிறேன். ஏங்கி ஏங்கியே வருடம் போயிற்று.

போன வாரம் அண்ணி தாமாகவே விமானத்தைப் போர்த்தியிருந்த புடவையை விலக்கி, உள்ளே ஏறி, மூடியைச் சாத்திக்கொண்டார். பூ இல்லாத தலைக்கும் மூடிக்கும் நடுவே இடம் காலியாக இருந்தது. அதையே அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் இருந்தார். இறங்கி வந்து என்னிடம் சொன்னார்: "பூவுக்குத்தானே எடம் வுட்டு வெச்சிருக்காரு. வெறுந்தலையா குந்தினா அவருக்குப் புடிக்குமா?"

அண்ணனைத் தோளில் சுமந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், அன்று எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. முதலாண்டுப் படையலுக்கு வரும் உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். அண்ணியின் கொண்டையில் கனகாம்பரம் இருக்கும். யாரும் முகம் சுளிக்க வேண்டாம், எதுவும் கேட்கவும் வேண்டாம். இடம் விட்டுவைத்தவர் எங்கள் அண்ணன்.