பட்டை எட்டாத கை

துறைமுகத்து மருத்துவ அறையில் உயரம், எடை, நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பது ‘மீட்டர் அக்கா’தான். பதினெட்டு வருடமாக அந்த நர்சுக்கு அதுதான் பெயர். அவர் எழுதும் எண்ணுக்கு மேல் அப்பீல் கிடையாது. ரத்த அழுத்தம் நூற்றறுபதைத் தாண்டினால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

அன்று கிரேன் டிரைவருக்கு நூற்று எழுபத்திரண்டு.

வாசலில் நின்ற சூப்பர்வைசர் கையை நீட்டினார். “எழுதிக் குடுங்க சிஸ்டர். வேற ஆள ஏத்தணும். கப்பல் காத்துக்கிட்டு நிக்குது.”

டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. “அக்கா, கீழ இறக்கினா தொடப்பத்தக் கையில குடுத்துடுவாங்க. இருபது வருஷம் மேலயே இருந்தவன்க்கா.”

அக்கா பேனாவை எடுத்தார். எழுதவில்லை. டிரைவரின் கை தூண் மாதிரி இருந்தது. பிரஷர் பார்க்கச் சுற்றிய பட்டையின் ஓரக் கோடு, அதில் குறித்திருந்த எல்லைக்கு நான்கு விரல் வெளியே நின்றது. சின்னப் பட்டையைப் பருத்த கையில் கட்டினால் உள்ளதைவிட ஏற்றித்தான் காட்டும். படித்த பாடம்தான். ஆனால் அறையில் இருந்தது ஒரே பட்டை. வருகிற கைக்கெல்லாம் அதையே கட்டிப் பழகியாயிற்று.

“ஆம்புலன்ஸ் பையில பெரிய பட்டை இருக்கு. எடுத்துட்டு வர்றேன்.”

“இவன் கைக்குக் கப்பல் கட்டுற கயிறுதான் சரிப்படும். சும்மா எழுதுங்க சிஸ்டர்!”

“அப்ப நீங்களே கையெழுத்துப் போடுங்க சார்.”

சூப்பர்வைசர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

பட்டையோடு திரும்பிய அக்காவிடம் டிரைவர் குசுகுசுத்தான். “கொஞ்சம் பாத்துப் போடுங்கக்கா.”

“வர்றதத்தான் எழுதுவேன். நூத்தித் தொண்ணூறு வந்தா அதையும் எழுதுவேன். சாஞ்சு உக்காரு. காலத் தரையில வை. அஞ்சு நிமிஷம் வாயத் தொறக்காத.”

“அது மட்டும் முடியாதுக்கா...”

“தொறந்துட்ட. மறுபடி அஞ்சு.”

காற்றை ஏற்றி, மெல்ல இறக்கினார். நூற்று எழுபது, சத்தமில்லை. நூற்றறுபது, சத்தமில்லை. நூற்று நாற்பத்தாறில்தான் காதில் முதல் தட்டு விழுந்தது; அதுதான் எழுத வேண்டிய எண்.

“இதுவும் ஜாஸ்திதான். டாக்டரப் பாத்து மாத்திர வாங்கு. இப்பப் போய் ஏறு.”

டிரைவர் ஓடினான். அக்கா மட்டும் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினார். போன வருடம் இன்னொரு கிரேன் டிரைவர், நூற்று அறுபத்தெட்டு. காற்றடிக்கும்போதே பட்டை இரண்டு முறை பிய்த்துக்கொண்ட கை அது. கீழே அக்காவின் கையெழுத்து.

அந்த மனிதர் ஜன்னலுக்கு வெளியே பெருக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, உள்ள வாங்க. பிரஷர் பாக்கணும்.”

“மறுபடியுமா? இதுக்கு மேல என்னைய எங்க இறக்கப் போறம்மா?”

“தப்பு என்னோடதுண்ணே. வாங்க.”

உள்ளே வந்தார். துடைப்பத்தை விடாமலே மற்றக் கையை நீட்டினார்.