எடை குறையாத மிதவை

கார்புரேட்டரை நான் முதலில் அச்சில்தான் பார்த்தேன். பினாங்குப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய வெள்ளைக்காரப் புத்தகம் அது. அதில் பாதியைப் படித்த தைரியத்தில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பதினைந்தே நாளில் முதலாளி என் வண்டவாளத்தைக் கண்டுகொண்டார்.

"சுங்கை பாக்காப் தென்னந்தோட்டத்துல டிராக்டர் நின்னுபோச்சு. ஓட வச்சிட்டு வா. ஓடலன்னா அப்படியே வீட்டுக்குப் போயிரு. இந்தப் பக்கம் வராதே."

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். மெக்கானிக் மாப்பிள்ளை என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர் சிரித்த முகத்தோடு வரவேற்றார். "வாங்கண்ணே. இது ஓடுனதை விட ஒழுகுனதுதான் அதிகம்லா!"

எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டருக்குள் ஒரு பித்தளை மிதவை உண்டு. பெட்ரோல் நிறைந்ததும் அது மேலே எழும்பி, உள்ளே வரும் வழியை அடைக்க வேண்டும். இந்த மிதவையோ அடியில் மூழ்கிக் கிடந்தது. எடுத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் தளும்பியது. வெந்நீரில் முக்கினேன், மூட்டு ஓரத்திலிருந்து பொடிப் பொடியாய்க் குமிழிகள் வந்தன. ஊசிமுனை ஓட்டை.

எங்கள் பட்டறைச் சூட்டுக்கோல் வாளி ஓட்டைக்கு ஈயம் வைக்கத்தான் லாயக்கு. ஆகவே மிதவையை எங்கள் தெரு நகைப் பத்தரிடம் கொண்டுபோனேன். உள்ளே இருந்த பெட்ரோலை வடித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகுதான் கொடுத்தேன். நெருப்பை ஊதும் பத்தரின் மீசை மேல் எனக்கு மரியாதை இருந்தது.

அவர் ஓட்டையை ஈயம் வைத்து அடைப்பதற்கு முன்னும் பின்னும் மிதவையை என் கண்ணெதிரே தராசில் நிறுத்தார். "நல்லா பாத்துக்குங்க. கொடுத்ததை விடக் கூடத்தான் இருக்கு."

பத்தரிடம் போன பொருள் எடை கூடித் திரும்புவதை எங்கள் பரம்பரையில் பார்த்தவன் நான் ஒருவன்தான். பூரித்துப்போய் மனைவியிடம் சொன்னேன். "அப்ப என் சங்கிலியையும் அவர்கிட்டயே குடுங்க," என்றாள்.

மறுநாள் தோட்டத்தில் மிதவையை மாட்டி பெட்ரோலைத் திறந்தேன். குபுகுபுவென்று வழிந்தது.

"முன்னாடி சொட்டுச்சு, இப்ப ஊத்துது," என்றார் ஓட்டுகிறவர். "முன்னேற்றம்தாண்ணே."

தென்னை நிழலில் உட்கார்ந்து புத்தகத்தின் மறுபாதியைப் பிரித்தேன். மிதவையின் எடை கூடினால் அது சரியாக மிதக்காது என்று தெளிவாகவே போட்டிருந்தது.

திரும்பவும் பத்தர் கடை. "எடையைக் கொறைக்கணுமா?" என்று அவர் போட்ட சத்தத்தில் நகை வாங்க வந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தப் பேரு வந்துரக் கூடாதுன்னுதானய்யா இத்தனை வருஷமா பயந்து பயந்து பொழைக்கிறேன்!"

"இந்த ஒரு தடவை மட்டும், பத்தரே."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அதிகப்படி ஈயத்தை அரத்தால் ராவினார். விழுந்த தூளையும் விடாமல் காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார், பின்னால் பேச்சு வரக் கூடாதாம்.

அன்று மத்தியானம் டிராக்டர் இரண்டு முறை தும்மிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தென்னை வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பியது. கீழே குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. அந்தப் புகைக்கு ஈடான வாசனையை அதன்பிறகு நான் எங்கும் முகர்ந்ததில்லை.

பட்டறையில் முதலாளி கேட்டார்: "என்ன கோளாறு?"

"எடை கூடிப்போச்சு."

மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துரு."

பதினெட்டு வருஷம் போனேன். ஒரு நாளும் ஏழு மணிக்குள் போனதில்லை.