பெயர் எழுதாத ஓஸ்

திருடிக்கொண்டு போனாளாம்! யார், மங்களமா? அடுகோடி வரிசை வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் வாய் கூசாமல் சொல்லித் திரிகிறார்கள். தன் பொருளைத் தான் எடுத்துப் போனால் அதற்குத் திருட்டு என்றா பெயர்? நடந்ததைக் கேளுங்கள், அப்புறம் பேசுங்கள்.

கோவிந்தப்பா வாடகைக்கு விட்ட ஐந்து வீட்டுக்கும் கேட் பக்கத்தில் ஒரே நல்லி, அதாவது தண்ணீர்க் குழாய். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். வீடு கட்டிய மேஸ்திரி விட்டுப்போன நீள ரப்பர் ஓஸ் ஒன்று தண்ணீர் பிடிக்கக் கிடந்தது. அது யாருடையதும் இல்லை, அதனால் சண்டையும் இல்லை. மங்களம் இருந்தது கடைசி வீடு. எட்டு மணிக்குள் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகாவிட்டால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் முதலில் அவள் டிரம் நிறையும். பிறகு ஓஸ் ஒவ்வொரு வீடாக முன்னால் நகரும்.

தொண்ணூற்றாறு கோடையில் அந்த ஓஸ் வெடித்தது. முதல் வீட்டு கணேசமூர்த்தியின் அறிவும் அன்றுதான் வெடித்துக் கிளம்பியது.

"ஆளுக்கு ஒரு துண்டு ஓஸ் வாங்கிப்போம். சேத்து மாட்டினா கடைசி வீடு வரைக்கும் போவுது."

நல்லியில் மாட்டும் துண்டு தடிமனாக இருக்க வேண்டும்; மெல்லியது அதில் நிற்காது. அதை மங்களம் வாங்கி, கிளிப் போட்டு நல்லியிலேயே இறுக்கினாள்.

மறுநாளே கணேசமூர்த்தி தன் துண்டில் சிவப்புப் பெயிண்டால் பெயர் எழுதினார், இனிஷியலோடு. அந்த வாரத்துக்குள் இன்னும் மூன்று வீட்டில் பெயிண்ட் வாசனை. பெயர் ஏறிய ஓஸுக்கு வெயில் ஆகாது, மண் ஆகாது, அடுத்தவள் கை ஆகாது. கணேசமூர்த்தி வீட்டில் அது டிவிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது! நல்லிக்குக் கிட்டே இருப்பவருக்கே முதல் முறை என்றும் ஆயிற்று. ஒவ்வொருவராக வந்து மங்களத்தின் துண்டில் தங்கள் துண்டைச் செருகிப் பிடித்துவிட்டு, உருவிக்கொண்டு உள்ளே போனார்கள். மூன்றாம், நான்காம் வீட்டுக்கு அந்த இரண்டு துண்டு எட்டவில்லை. முதுகு ஒடியக் குடம் சுமந்தார்கள். இருந்தாலும் சொந்தத் துண்டு அல்லவா!

மங்களத்தின் முறை வரும்போது செருக எதுவும் இருக்காது. கணேசமூர்த்தியின் மனைவியிடம் கேட்டாள்.

"பாமாக்கா, உங்க துண்டைக் கொஞ்சம் விட்டு வைங்களேன். வேலைக்கு லேட்டாவுது."

"பேரு எழுதியிருக்குதில்ல மங்களம்? கிழிஞ்சா யாரு குடுப்பா?"

"நீங்க என்னுதுலதானே பிடிக்கிறீங்க?"

"உன்னுதுல பேரே இல்லியே!"

அந்த மாதம் மூன்றாம் முறையாக கார்மென்ட்ஸ் கேட்டிலிருந்து திரும்பினாள். இன்னொரு முறை என்றால் வேலையே கிடையாது. விவேக் நகரில், வாசலிலேயே குழாய் இருக்கும் ஓர் அறையைப் பிடித்தாள்.

காலி செய்த அன்று தண்ணீர் வரும் நாள். நான்கு வீட்டாரும் பெயரெழுதிய துண்டுகளோடு வரிசையில் நின்றார்கள். மங்களம் கதவைப் பூட்டிச் சாவியைக் கோவிந்தப்பாவிடம் கொடுத்தாள். நல்லியிடம் வந்து, துணியில் கோடு போடும் சாக்கட்டியால் தன் துண்டில் கொட்டை எழுத்தில் பெயர் எழுதினாள். பிறகு கிளிப்பைக் கழற்றினாள்.

"ஏய், தண்ணி வர்ற நேரம்டீ!" என்று அலறினாள் பாமா.

"பேரு எழுதியாச்சுக்கா."

ஓஸைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டாள். உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் முதுகை நனைக்க, கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.