எட்டு கம்ப்யூட்டர் அக்கா

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நான் போய்வந்த பிரவுசிங் சென்டரை ஓர் அக்கா நடத்தினார். காலையில் கடையைத் திறந்ததும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, எட்டு கம்ப்யூட்டர் முன்னாலும் உட்கார்ந்து எழுவார். யாரோ இலவசமாக இறக்கிய பாட்டு பிளேயரோடு சொல்லாமல் நுழைந்து பிரவுசரின் தலையில் பட்டையாக ஒட்டிக்கொள்ளும் தேடல் டூல்பாரை நீக்குவதுதான் அவருடைய முதல் வேலை.

ஒருநாள் அந்த டூல்பார் கம்பெனி ஆள் வந்தார். அதை எடுக்காமல் விட்டால் புது மானிட்டர் தருவதாகச் சொன்னார்.

"பாண்டியிலயே எங்களுதைத்தான் ஜனங்க அதிகமா விரும்புறாங்க மேடம்."

"நேத்து எட்டு மெஷின்லயும் இருந்துச்சு சார். காலையில எடுத்துட்டேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூட எங்க காணோம்னு கேக்கல."

வந்தவர் படியிறங்கினார்.

எங்கள் ஊர் அக்கா என்று இன்றும் மார்தட்டிச் சொல்கிறேன். அவருடைய பெயரை யாராவது கேட்டால்தான் விழிக்கிறேன்; நான் கேட்டதே இல்லை.