மந்திரியின் பெயருக்குப் பின்னால்

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துப் பிளானோவில் ஒரு பூங்கா. ஆகஸ்ட் வெயிலில் கார் கதவைத் தொட்டால் கை சுடுகிறது. தமிழர்களின் சுதந்திர தின பிக்னிக் என்று சொல்லி நண்பர் என்னை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய பேனரில் எங்கள் ஊர் மந்திரி சிரிக்கிறார். கீழே ஒரு சாதிச் சங்கத்தின் பெயர்.

நாடு விடுதலையானதும் அமைந்த மந்திரிசபையில் இருந்தவர் அவர். சிறையில் இருந்தபோதே தன் சாதிப் பெயரை விட்டவர். மந்திரியானதும் சொந்தச் சாதிக்காரர்கள் ஊரில் பாராட்டு விழா எடுத்தார்கள். அவர் வர மறுத்ததால் போட்ட பந்தலை அப்படியே பிரித்தார்கள். இந்தப் பேனரில் அவர் பெயருக்குப் பின்னால் அந்தச் சாதிப் பெயர் கொட்டை எழுத்தில் திரும்ப ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"அவரே வேண்டாம்னு விட்டத நீங்க ஏன் போட்டீங்க?" என்று பேனர் கட்டியவரிடம் கேட்கிறேன்.

கணினிக் கம்பெனியில் மேனேஜராம். பொறுமையாக விளக்குகிறார்: "அது அப்போ பாலிடிக்ஸுக்காகப் பண்ணது சார். இங்க பொறந்த பசங்களுக்கு நம்ம ஆளுன்னு தெரியணும்ல? அதான் ஆட் பண்ணோம்."

இவர்கள் மேடையில் கடைசிவரை கால் வைக்காத மனிதரை, செத்த பிறகு கயிறு போட்டு இழுத்து வந்திருக்கிறார்கள்.

"உயிரோட இருந்தா இங்க வந்திருப்பாரா?"

"சாருக்கு எந்த ஊரு?" என்கிறார்.

"அவர் ஊர்தான்."

அவர் முகம் மலர்கிறது. என் தட்டில் இன்னொரு வடையை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்:

"அங்க எந்தத் தெரு சார்?"