தனியாக வந்தவர்

கல்முனையில் ஒரு தனியார் கிளினிக்கில் என் பக்கத்தில் இருந்தவரின் பெயரை நான் கேட்கவில்லை. நெட்டையானவர், கறுப்பு அபாயா, தடித்த கண்ணாடி. வீங்கிய விரல்களால் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். குடிக்கவேயில்லை.

“மூடி திறக்கவாவது கையில பெலன் இரிக்காண்டு பாக்கிறன்” என்றார்.

மார்பில் சிலிக்கோன் பை வைத்ததிலிருந்து அவருக்கு மூட்டுவலி, தோலில் தடிப்பு, ஓயாத களைப்பு. மாத்திரைகளை மாற்றி மாற்றி விழுங்கிச் சலித்து, அதை எடுத்துவிடுவதென்று முடிவு செய்து வந்திருந்தார்.

உள்ளே போனவர் போன வேகத்தில் திரும்பினார்.

“மாப்பிள்ளையக் கூட்டிட்டு வரட்டாம். அவருக்குச் சம்மதமாண்டு டொக்டர் கேக்கணுமாம்.” கணவரைத்தான் அப்படிச் சொன்னார். போத்தலைக் கதிரையில் குத்தினார். “நம்மட ஊர்ல கலியாணத்துக்கு ஊடு பொம்புளைக்கித்தானே குடுக்கிற? என்ட ஊட்டுச் செவர்ல ஒரு ஆணி அடிக்கிறண்டாலும் அவரு என்னக் கேட்டுத்தான் அடிப்பாரு. என்ட நெஞ்சில இரிக்கிறத எடுக்க நான் அவரக் கேக்கணுமா புள்ள?”

போத்தலை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

அடுத்தது என் முறை. வெறும் முதுகுவலி. டொக்டர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: “தனியாவா வந்தீங்க?”

“ஓம்!” என்றேன். என் குரல் அந்தப் பெண்ணுடையதைப் போலவே இருந்தது.