பார்க்காத குஸ்திக்குப் பதினான்கு நிமிடம்

நான் சேர்ந்தபோது எங்கள் விளையாட்டு வாரப் பத்திரிகையில் ஏழு பேர் இருந்தோம். ஆசிரியர் ஒருவர், நிருபர்கள் இருவர், புரூஃப் பார்ப்பவர் ஒருவர், அச்சுக் கோப்பவர்கள் இருவர், கணக்கெடுப்பவன் நான். கணக்கென்றால் வரவு செலவு அல்ல. ஓட்டப் பந்தயத்துக்கு எத்தனை விநாடி, ஹாக்கியில் எத்தனையாவது நிமிடத்தில் கோல், குஸ்தியில் யார் யாரை எவ்வளவு நேரத்தில் சாய்த்தார் என்று கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குறிப்பது. மூன்றாம் வருஷ முடிவில் மிஞ்சியது மூன்று பேர். அச்சுக் கோப்பவர் ஒருவர், ஆசிரியரின் நாற்காலியில் முதலாளி, பாக்கி எல்லா வேலைக்கும் நான்.

எங்கள் பத்திரிகை கடையில் கிடைக்காது. வருஷச் சந்தா முன்கூட்டிக் கட்டியவர்களுக்குத் தபாலில் மட்டும் போகும். மைசூரிலும் பட்டாளம் தங்கிய பெங்களூர் தண்டிலும் கோலார் தங்கவயலிலும் இருந்த தமிழர்கள்தான் வாசகர்கள். கடையில் விற்கிற பத்திரிகை ஒரு வாரம் மோசமாக வந்தால் மறுவாரம் கட்டுக் கட்டாகத் திரும்பி வரும். எங்களுக்கு எதுவும் திரும்பி வராது. "வருஷம் முடியற வரைக்கும் அவங்க நம்ம ஆளுங்கய்யா. யார் எழுதினா என்ன?" என்பார் முதலாளி. அப்போது யுத்தம் இல்லை, காகிதத் தட்டுப்பாடு இல்லை. ஆளைக் குறைத்ததற்கு இந்த ஒரு நினைப்பைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஒரே இதழில் ஒன்பது இடத்தில் "அருமையான ஆட்டம்" என்று அச்சாகியிருந்ததை எண்ணி அவரிடம் காட்டினேன். "அருமையா ஆடினா அப்படித்தான் போடணும்" என்றார்.

ஆபீஸ் மைசூரில் இருந்ததால் தசராக் குஸ்திதான் எங்களுக்கு முக்கியம். சில நாள் முன்பே ஊரில் குஸ்தி சொல்லிக்கொடுக்கும் உஸ்தாதுகள் கூடி, பயில்வான்களை எதிரெதிரே நிறுத்தி, கையைக் கோக்க வைத்து ஜோடி கட்டிவிடுவார்கள். யாருக்கு யார் ஜோடி என்கிற அந்தப் பட்டியல், ஜாபிதா, எங்களுக்கும் வரும். சங்கடம் தபாலில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தபால் பை கட்டிவிடுவார்கள். அதற்கு முன் அச்சாகி, மடித்து, உறை போட்டாக வேண்டும். குஸ்தியோ இருட்டும்வரை நடக்கும். பழைய ஆசிரியர் இருந்தவரை கடைசி ஜோடிகளுக்கு நேரே "முடிவு அடுத்த வாரம்" என்று போடுவார். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

"அடுத்த வாரம் சொல்றதுக்கா சந்தா கட்டறான்? ஜாபிதா இருக்கு. எந்த உஸ்தாத் ஆளு, உடம்பு எப்படின்னு உமக்குத் தெரியும். எழுதும்."

எழுதினேன். வேறு யாரோ எழுதினார்கள் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. மார்டள்ளி கிராமத்தில் பிறந்து நஞ்சன்கூட்டில் ஒரு வண்டிப்பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் அந்த ஜாபிதாவில் இருந்தார். அவருக்கு ஜோடியாக நின்றவர் நகரத்துப் பெரிய குஸ்திக்கூடத்து ஆள், இவரைவிட ஒரு சாண் உயரம். பட்டறைக்காரர் தோற்றார் என்று எழுதினேன். அதோடு விட்டேனா? நேரம் இல்லாத செய்தி என் செய்தி மாதிரியே இருக்காது என்பதற்காக, "பதினான்கு நிமிடப் போருக்குப் பின் இரு தோளும் மண்ணில் பட" என்று சேர்த்தேன்.

மூன்றாம் வாரம் அவர் ஆபீசுக்கு வந்தார். முதலாளி உள்ளே இருந்தார். வந்தவர் மடியிலிருந்து ஒரு வெள்ளிக் காப்பையும், எங்கள் பத்திரிகையிலிருந்து கிழித்த தாளையும் எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"இது ஜெயிச்சதுக்குக் குடுத்த காப்புங்க. இது நீங்க போட்டது. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்க, உஸ்தாத் வூட்ல படிச்சுக் காட்டுனாங்க. நான்தான் தோத்தனாமா."

நான் தாளைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கவயலில் ஒரு கான்ட்ராக்டர் புதுக் குஸ்திக்கூடம் கட்டுகிறார், தசராவில் ஜெயித்துவிட்டு வந்தால் நீதான் உஸ்தாத் என்று வாக்குக் கொடுத்திருந்தாராம். அந்தக் கான்ட்ராக்டர் எங்கள் சந்தாதாரர். செய்தியைப் படித்துவிட்டு, வேறு ஆளைப் பேசப்போவதாக எழுதி, இந்தத் தாளையும் கூடவே அனுப்பியிருந்தார்.

"அந்தப் பதினாலு நிமிசத்தை யாருங்க எண்ணுனது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "ஆறு நிமிசங்கூட ஆகலீங்களே."

"நான்தான் எழுதினேன். நான் அங்கே வரவில்லை" என்றேன்.

முதலாளி உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "சுவாமி, ஒரு பிசகு. அடுத்த தசராவுக்கு உம்ம பேரைக் கொட்டை எழுத்துல போட்டுடலாம். போய் வாரும்."

"அடுத்த தசரா வரைக்கும் அந்த வேலை காத்துக்கிட்டு இருக்குங்களா?"

அவர் போனபிறகு, இந்த வாரமே திருத்தம் போட வேண்டும் என்றேன். இரண்டு வரி போதும்.

"இரண்டு வரி போட்டா, மத்த குஸ்தியை எல்லாம் யார் பார்த்தான்னு கேப்பான். என்ன சொல்லுவீர்?"

அந்த இதழில் பதினோரு குஸ்தி இருந்தது. நான் கண்ணால் பார்த்தவை நான்கு. ஏழு பேர் இருந்த ஆபீசில் இப்படி நடந்திருக்காது என்றேன்.

"ஏழு பேர் இருந்தப்பவும் இதே சந்தாதானய்யா. ஆளைக் குறைச்சப்புறம் ஒருத்தனாவது வேண்டாம்னு எழுதினானா? உமக்கு எண்றதுதானே வேலை, எண்ணிப் பாரும்."

எண்ணிப் பார்த்தேன். ஒருவரும் எழுதவில்லை. இன்று இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கான்ட்ராக்டருக்கு நானே கடிதம் எழுதினேன். ஜெயித்தது இவர்தான், அந்தக் குஸ்தியை நான் பார்க்கவில்லை, நிமிடக் கணக்கு என் கற்பனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எட்டாம் நாள் பதில் வந்தது. வேலைக்கு வேறு ஆள் வைத்தாயிற்று, எழுதியதற்கு நன்றி என்றிருந்தது. கீழே இன்னும் ஒரு வரி: பத்திரிகை ஒழுங்காகக் கிடைத்து வருகிறது, அடுத்த வருஷமும் அனுப்பவும்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி நஞ்சன்கூடு போனேன். பட்டறை மூடியிருந்தது, அவர் வெளியே ஒரு சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். திருத்தம் போட முதலாளி மறுத்ததையும், ஒருவரும் சந்தாவை நிறுத்தவில்லை என்று அவர் சொன்னதையும் சொல்லி, கான்ட்ராக்டரின் கடிதத்தைக் கடைசி வரிவரை படித்துக் காட்டினேன். அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

"பொய்னு தெரிஞ்சும் வாங்குறாருங்களா?"

"வாங்குகிறார்."

"அப்ப உங்க மொதலாளி சொல்றதுதானுங்க சரி." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "நீங்க எதுக்குங்க இவ்வளவு தூரம் வந்தீங்க? அன்னிக்கு அரமணை மைதானத்துக்கு வந்திருக்கலாம். உங்க ஆபீசுக்குக் கிட்டத்தானுங்க."

ஆபீசிலிருந்து மைதானத்துக்கு எழுநூற்றுச் சொச்சம் காலடி. மறுநாள் காலை நடந்து பார்த்தேன்.